இருநூற்றுப் பதின்மூன்றாவது முதுகு

"செருப்ப நல்லா உதறிட்டு ஏறு, பஸ் முழுக்க ஆட்டுப் புழுக்கை ஆயிடும்" என்று மனைவியிடம் சொன்னதுதான் ஓய்வுபெற்ற தபால்காரர் மனிதராகப் பேசிய கடைசி வாக்கியம். அடுத்த நிமிடம், மாலை ஐந்தே காலுக்கு, சுற்றுலாப் பயணிகளுக்குத் தன் ஆட்டுப் பண்ணையைச் சுற்றிக்காட்டிய வெளிநாட்டுப் பண்ணைக்காரர் அவரை ஆடாக எண்ணிப் பட்டிக்குள் விட்டுவிட்டார். தவறு தபால்காரருடையது. வரிசையில் நிற்பது அவருக்கு ஆகாது. பயணிகள் வெளியேறும் வாசலில் கூட்டம் என்றதும், பக்கத்தில் ஆடுகள் போகும் குறுகிய கதவில் இரண்டு ஆடுகளுக்கு நடுவே நைசாக நுழைந்தார். பண்ணைக்காரர் முகம் பார்த்து எண்ணுகிறவர் அல்லர். முதுகைத் தொட்டு எண்ணுகிறவர். இருநூற்றுப் பதின்மூன்று வந்ததும் கதவைச் சாத்திவிட்டுத் தேநீர் குடிக்கப் போனார்.

மிஞ்சிய ஆடு பஸ்ஸில் முன் சீட்டில் உட்கார்ந்திருந்தது.

"நிறுத்துங்க! என் வீட்டுக்காரர் அங்க நிக்கிறாரு, இங்க ஆடு உக்காந்திருக்கு!" என்று மனைவி கத்தினாள்.

"ரெண்டு தடவ எண்ணிட்டேன் மேடம், நாப்பத்திரண்டு தல சரியா இருக்கு" என்றார் வழிகாட்டி. "குடும்ப விஷயத்த ஓட்டல்ல போய்ப் பேசிக்கலாம்."

விமான நிலையத்தில் அதிகாரி கடவுச்சீட்டைப் பார்த்தார், ஆட்டைப் பார்த்தார், போட்டோ பழசு என்று முணுமுணுத்து முத்திரை குத்தினார். ஊரில் நாத்தனார் வந்து பார்த்துவிட்டு, "அண்ணன் நல்லா சத போட்டுட்டாரு. எதுத்துப் பேசறதும் நின்னுபோச்சு. குடுத்து வச்சவங்க அண்ணி நீங்க!" என்றாள்.

மனைவி விடவில்லை. ஆட்டைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு ஆளை மீட்டு வருவதென்று ஆறு முறை விசாவுக்கு எழுதிப்போட்டாள். ஆறு முறையும் ஆட்டுக்குக் கிடைத்தது, அவளுக்கு மறுத்துவிட்டார்கள். ஞாயிறுதோறும் பண்ணைக்குத் தொலைபேசியில் கூப்பிட்டாள். முதல் வருடம் அவர் குளிரைக் குறை சொன்னார், இரண்டாம் வருடம் புல்லை. மூன்றாம் வருடத்திலிருந்து அசைபோடும் சத்தம் மட்டும் வந்தது. அதையும் அரை மணி நேரம் கேட்டுவிட்டுத்தான் வைப்பாள்.

ஒன்பதாம் வருடப் பனிக்காலத்தில் பண்ணைக்காரரே கூப்பிட்டார். மூப்புதான், தூக்கத்திலேயே போய்விட்டது, யாருக்கும் தொந்தரவு கொடுக்காத ஆடு என்றார். அதுவரை தாங்கியிருந்தவள் அந்தக் கடைசிச் சொல்லில் உடைந்து அழுதாள். முப்பத்தோரு வருடக் குடித்தனத்தில் அந்த மனிதரைப் பற்றி ஒருவர்கூட அப்படிச் சொன்னதில்லை.

கூடத்தில் நாளிதழின் விளையாட்டுப் பக்கத்தைத் தின்றுகொண்டிருந்த ஆட்டிடம் போய் விஷயத்தைச் சொன்னாள். அது மெல்லுவதை நிறுத்தியது. கொஞ்ச நேரம் அவளைப் பார்த்துவிட்டு, மிச்சத்தையும் தின்றது. "சாப்பிடுங்க" என்றாள். அதற்கு முன் அவள் அதற்கு மரியாதை கொடுத்ததில்லை.

கட்டிலில் அவர் படுத்த வெளிப்பக்கத்தில் ஆடு படுக்கிறது; சுவர்ப்பக்கம் இன்றும் அவளுடையதுதான்.