அளவு எடுத்துக்கிட்டு வாங்க

அந்தப் பழைய நகரமன்றக் கட்டடத்தில் செத்தவர்கள் காலை பத்து மணிக்கு வேலைக்கு வருவார்கள். மாடியில் ஒரு மேயர், வராந்தாவில் ஒரு வைத்தியர், நடுக்கூடத்தில் ஒரு நீதிபதி, அவருக்கு எதிரே குற்றவாளிக் கூண்டில் ஒரு தையல்காரி. எல்லாரும் நூறு வருஷத்துக்கு முந்தைய ஊர்ப் பிரபலங்கள். டிக்கெட் வாங்கி வருகிறவர்கள் என்ன வேண்டுமானாலும் கேட்கலாம். செத்தவர்கள் பதில் சொல்வார்கள்.

விதி ஒன்றே ஒன்றுதான். இந்தக் காட்சிக்கூடத்தின் நிர்வாகி அதைத் தன் கையாலேயே உடைமாற்றும் அறைக் கதவில் எழுதியிருந்தார்: "உடை ஏறினால் உயிர் மாறும்." உடையில் இருக்கிறவரை சொந்தப் பெயர் கிடையாது, செல்போன் கிடையாது. 'அவர் செய்தார்' என்று சொல்லக் கூடாது, 'நான் செய்தேன்' என்றுதான் சொல்ல வேண்டும். தன் காலத்துக்குப் பின்னால் நடந்தது எதுவும் தெரியக் கூடாது. அவர்களிடம் யாரும் இன்றைய சமாசாரம் பேசவும் கூடாது. மேயராக இருப்பவரின் மனைவிக்குப் பிரசவமானபோதுகூட, சாயந்திரம் அவர் கோட்டைக் கழற்றும்வரை நிர்வாகி யாரையும் சொல்லவிடவில்லை. "மேயருக்கு எழுபது வயசு. கேட்டா யாராவது நம்புவாங்களா?" என்று கேட்டார்.

நீதிபதியாக இருந்தவர் ஓய்வு பெற்ற பஸ் கண்டக்டர். தீர்ப்பெல்லாம் கணீரென்று இருக்கும். வாசலில் கூட்டம் தேங்கினால் மட்டும், "உள்ளே போ, உள்ளே போ, நடுவுல காலியாத்தான் இருக்கு" என்று விடுவார்.

தையல்காரியாக இருந்தவளுக்கு ஊசியில் நூல் கோக்கத் தெரியாது. வீட்டில் பொத்தான் அறுந்தால் புருஷன்தான் தைப்பான். எலக்ட்ரீசியன், கம்பி முறுக்கிய கை. இவளுக்கு வாய்தான் கை. கழுத்தில் அளவு டேப்பைத் தொங்கவிட்டுக்கொண்டு கூண்டில் ஏறினால் கூடம் அடங்கிவிடும். அந்தக் காலத்து ஆடைத் தொழிற்சாலை முதலாளி, வேலை நேரத்தில் வெளிக்கதவைப் பூட்டி வைப்பார். ஒருநாள் உள்ளே தீப்பிடித்தது. சாவி வந்து சேர்வதற்குள் சில பெண்கள் செத்துப்போய்விட்டார்கள். மிச்சமிருந்தவர்களைத் திரட்டி வேலைநிறுத்தம் செய்தாள் தையல்காரி. முதலாளியிடம் மன்னிப்புக் கேட்டால் விட்டுவிடுகிறேன் என்றார் நீதிபதி.

"மன்னிப்பா? அளவு எடுத்துக்கிட்டு வாங்க. தைச்சுத் தரேன்."

அவளுக்குச் சிறை. பார்க்க வந்தவர்களுக்குக் கைதட்டல்.

கூண்டுக்கு வெளியே அவள் பிழைப்பே மன்னிப்புத்தான். பிள்ளையை அழைக்கத் தாமதமானதற்குப் பள்ளிக்கூட வேன்காரரிடம், மோட்டார் சத்தத்துக்குக் கீழ்வீட்டுக்காரியிடம், பஸ்ஸில் தன் காலை மிதித்தவனிடம்கூட அவள்தான் ஸாரி சொல்வாள். தினம் ஒருமுறை கூண்டில் நின்று மன்னிப்புக் கேட்காமல் இருப்பது அவளுக்கு மாத்திரை மாதிரி. போட்டால்தான் உடம்பு ஓடும்.

மழைக்காலத்தில் கூரை ஒழுகியது. செப்பனிட்டுத் தருகிறேன் என்று ஒரு புண்ணியவான் வந்தார். அந்த முதலாளியின் கொள்ளுப்பேரன். கூரை ஒழுகுவது நின்றதும் வசனம் ஒழுக ஆரம்பித்தது. புதிய வசனத்தில் பூட்டு இல்லை. தீ தானாகவே பிடித்து, மரியாதையாக அணைந்தது. தையல்காரி கண்ணீர் மல்க மன்னிப்புக் கேட்கிறாள், முதலாளி பெருந்தன்மையோடு அவள் தலையில் கை வைக்கிறார். முதலாளி வேஷத்துக்குப் புதுக் கோட்டும் தைத்தாகிவிட்டது, ஆள்தான் கிடைக்கவில்லை. அதுவரை முதலாளி இல்லாமலே மன்னிப்புக் கேட்கச் சொன்னார் நிர்வாகி.

உடைமாற்றும் அறையில் அதைப் படித்துவிட்டு, இப்படி நடக்கவே இல்லையே என்றாள் அவள். நடந்ததா முக்கியம், நனையாமல் இருப்பதா முக்கியம் என்று மேலே காட்டினார் நிர்வாகி.

கொள்ளுப்பேரன் முன்வரிசையில் உட்கார்ந்திருந்த அன்று, நீதிபதி அவளை மன்னிப்புக் கேட்கச் சொன்னார். தையல்காரி தொண்டையைச் செருமினாள். கண்ணீர் வரவில்லை. பழைய வரிதான் வந்தது. ஒரு சொல்கூடக் குறையவில்லை.

கைதட்டல் ஓயுமுன் நிர்வாகி தூண் பக்கமிருந்து அவளுடைய சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்.

"அப்படி இங்கே யாரும் இல்லீங்களே," என்றாள்.

"உன்னை வேலையை விட்டுத் தூக்கியாச்சு."

"தெரியும்ங்க. முதலாளி போன மாசமே தூக்கிட்டாரு. அதுக்குத்தானே இந்தக் கேஸு."

நீதிபதி சுத்தியலைத் தட்டினார். "கோர்ட்டுல குறுக்கே பேசக் கூடாது. படியில நிக்காதீங்க."

சிரிப்பில் நிர்வாகி காணாமல் போனார். உடை கழற்றும் நேரத்தில் பேசிக்கொள்ளலாம் என்று கதவருகே காத்திருந்தார். அங்கேதான் அவளுக்குப் பொறி தட்டியது. உடையில் இருக்கிறவரை இன்றைய விஷயம் பேசக் கூடாது. வேலைநீக்கம் இன்றைய விஷயம். அப்படியானால் உடையைக் கழற்றாமல் இருந்தால் போதும். அவர் எழுதிய விதிக்குக் கும்பிடு போட்டுவிட்டு, அதே கம்பளிப் பாவாடையும் டேப்புமாகப் பஸ் ஏறி வீட்டுக்குப் போனாள்.

புருஷன் கதவைத் திறந்து மேலும் கீழும் பார்த்தான்.

"என்ன கோலம் இது?"

"நீங்க யாரு? எனக்கு இன்னும் கல்யாணமே ஆகலை."

விஷயத்தைக் கேட்டதும் அவன் ரொம்ப நேரம் சிரித்தான். பிறகு, கல்யாணம் ஆகாதவளுக்கு எதற்கு என் தட்டில் சோறு என்று கேட்டுக்கொண்டே போட்டான். நூறு வருஷத்துக்கு முன்னால் மின்சாரம் அவ்வளவாகப் பரவவில்லை என்பதால் வாஷிங் மெஷினைத் தொட மாட்டேன் என்றாள். அங்கேதான் அவனுக்குச் சிரிப்பு நின்றது.

மறுநாள் அதே உடையில் வந்து கூண்டில் ஏறினாள். நிர்வாகி வேலைநீக்கக் கடிதத்தை நீட்டினார். தேதியைப் பார்த்துவிட்டு, "இந்த வருஷம் இன்னும் வரலைங்களே," என்று திருப்பிக் கொடுத்தாள். அதற்கு மறுநாள் நீதிபதியும் கறுப்பு அங்கியோடு பஸ்ஸில் வந்தார். நடத்துநர் அவரிடம் டிக்கெட் கேட்கவில்லையாம். சீனியாரிட்டிக்கா, அங்கிக்கா என்று தெரியவில்லை. வைத்தியரும் மேயரும் கழற்றுவதை நிறுத்தினார்கள். வாரக் கடைசிக்குள் கட்டடமே கம்பளி நாற்றம் அடித்தது. கூட்டமோ வரலாறு காணாத கூட்டம்.

நிர்வாகிக்கு வேறு வழி தெரியவில்லை. விதியை அழித்தால் தோல்வி. விதிக்குள் நின்று அவளிடம் பேச, அவரும் செத்தால்தான் உண்டு. முதலாளியின் புதுக் கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டு கூடத்துக்கு வந்தார். நிரம்பி வழிந்த கூடம். முன்வரிசையில் கொள்ளுப்பேரன்; முதலாளி வருகிறார் என்று சொல்லி அழைத்ததே நிர்வாகிதான்.

"நான் இந்தத் தொழிற்சாலையின் முதலாளி," என்று கம்பீரமாக ஆரம்பித்தார். "உன்னை..."

"ஐயா," என்று கூட்டத்தில் ஒரு பெண்மணி கையைத் தூக்கினாள். கேள்வி கேட்க உரிமை உண்டு. "நீங்க ஏன் கதவைப் பூட்டினீங்க?"

நிர்வாகிக்குக் கதவில் எழுதிய விதி ஞாபகம் வந்தது. 'அவர்' என்று சொல்ல முடியாது. முதலாளியின் காலத்தைத் தாண்டி எதையும் சொல்ல முடியாது. கூரை, நன்கொடை, நல்லிணக்கம் எதுவும் இன்னும் நடக்கவில்லை. விதி அவர் எழுதியது. முன்வரிசையைப் பார்த்தார். கொள்ளுப்பேரன் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பூட்டுனது யாருங்க? அதையாவது சொல்லுங்க," என்றாள் அந்தப் பெண்மணி, விடாமல்.

"நான்..." என்றார் நிர்வாகி. புதுக் கோட்டு கழுத்தை நெரித்தது. "நான்தான் பூட்டினேன்."

"ஏன்?"

"வெளியே போயிடுவாங்கன்னு."

கூடத்தில் ஒருவரும் கைதட்டவில்லை. நீதிபதியே சுத்தியலைத் தட்ட மறந்துவிட்டார். நிர்வாகிக்குக் குரல் இறங்கியிருந்தது. அது கோட்டுக்குள்ளிருந்த யாருடைய குரல் என்று அவருக்கே தெரியாது. கூண்டைப் பார்த்து, "மன்னிச்சிரும்மா," என்றார்.

தையல்காரி கூண்டுக் கதவைத் தள்ளித் திறந்துகொண்டு இறங்கி வந்தாள். கழுத்திலிருந்த டேப்பை உருவி, தலைகீழாகப் பிடித்து, அவர் தோளில் வைத்தாள்.

"கையை நீட்டுங்க. இது பெருசா வரும்போல இருக்கு."