காந்த பிரேக் வைத்த ரீல்

தையல்காரி தூண்டில் கடைக்குள் நுழைந்தது அதுதான் முதல் முறை. அச்சகத்தில் காகிதம் வெட்டும் இயந்திரம் அவள் கணவனின் வலது கட்டை விரலைத் தின்று ஒரு வருடம் ஆகிறது. வேலைக்குத் திரும்பிவிட்டான், தூண்டிலை மட்டும் தொடவில்லை. லீவு நாளில் சுவரை வெறித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் மனிதனை எத்தனை நாள்தான் பார்த்துக்கொண்டிருப்பாள்?

"விலை கம்மியா, ஆனா உருப்படியா ஒரு ரீல் காட்டுங்க."

கடைக்காரர் மூன்றை எடுத்து வைத்தார். வீசும்போது தூண்டில் நரம்பு ஓடுவதைவிட ரீலின் உருளை வேகமாகச் சுற்றினால் எல்லாம் சிக்காகிவிடும், கட்டை விரலால் அழுத்தி அடக்க வேண்டும், மிச்சத்தை பிரேக் பார்த்துக்கொள்ளும் என்றார். இருபது வருடம் தையல் மிஷின் பாபினோடு மல்லுக்கட்டியவளுக்குச் சிக்கைப் பற்றிப் பாடமா?

முதல் ரீலில் பிரேக் பேருக்குத்தான் இருந்தது. இரண்டாவதில் மூடியைக் கழற்றி, அரிசி அளவு பிரேக் கட்டைகளை நகத்தால் தள்ள வேண்டும். மூன்றாவது காந்த பிரேக். வெளியே ஒரு திருகு, ஒன்றிலிருந்து பத்து வரை. விலையும் கைக்கு அடங்கியது.

"வீசிப் பாக்கலாமா?"

கடைக்குப் பின்னால் இருந்த சந்தில், வலது கட்டை விரலை நாடாவால் உள்ளங்கையோடு கட்டிக்கொண்டு வீசினாள். திருகை நான்கில் வைத்தால் நரம்பு சிக்கிக் குருவிக்கூடுதான். எட்டில் வைத்தபோது நுனியில் கட்டிய ஈயக் குண்டு அதிக தூரம் போகவில்லை, ஆனால் நரம்பு சிக்கவில்லை. கடைக்காரர் அவளை ஒரு மாதிரி பார்த்தார். பார்த்தால் பார்க்கட்டும்.

வீட்டில் பெட்டியை நீட்டினாள். "கட்டை விரலே வேண்டாங்க. எட்டுல வச்சா போதும்."

அவன் ரீலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பிறகு சிரித்தான்.

"எனக்கு இடது கையில ஒரு கட்டை விரல் இருக்கே. ரெண்டு வாரம் பழகினா பழைய ரீலையே வீசிடுவேன்."

அவளுக்கு முகம் சுருங்கிவிட்டது. அடுத்த நொடி கோபம் வந்தது.

"அப்போ ஒரு வருஷமா ஏன் போகாம இருந்தீங்க?"

சிரிப்பு நின்றது. "கூட வர்றவங்க தண்ணியப் பாக்க மாட்டாங்க. என் கையத்தான் பாப்பாங்க."

ஊரெல்லாம் அளவெடுத்துத் தைக்கிறவள், வீட்டில் இருப்பவனிடம் இந்த ஒரு கேள்வியைக் கேட்கவில்லையே என்று தன் மேலேயே எரிச்சல் பட்டாள்.

"நான் பாக்காத கையா? நாளைக்கு லீவுதானே, நான் வரேன்."



"அஞ்சு மணிக்கு எழுப்புவேன்," என்றான். "முனகக் கூடாது."