கதவு வரைக்கும் போன தனக்கோடி

1

இது கேட்டு வாங்கிய கதை. "பிள்ளைங்கள வேலைக்குத் தயார் பண்றதப் பத்தி ஆண்டு மலருக்கு நாலு நல்ல வார்த்தை எழுதுங்க சார்" என்றார் கோவளத்துப் பக்கத்துத் தலைமையாசிரியர் ஒருவர். நல்ல வார்த்தை நாலு கைவசம் இருந்தால் நான் ஏன் கதை எழுதப் போகிறேன்?

முதல் தொடக்கம்: 'பணிவின் அருமையை உணர்ந்த மாணவி ஒருத்தி…' சே! அடித்துவிட்டேன்.

2

1976. பதினோராம் வகுப்பு, அப்போது பள்ளியின் கடைசி வகுப்பு. சனிக்கிழமை வந்தால் பூவராகவன் வாத்தியார் மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்து மேனேஜர் ஆகிவிடுவார். பிள்ளைகள் ஒவ்வொருவராக இன்டர்வியூவுக்கு வருவதுபோல் கதவைத் தட்டிவிட்டு வர வேண்டும். [அந்த வகுப்புக்குக் கதவு கிடையாது. பெஞ்சைத் தட்டினார்கள்.]

"உக்காருன்னு சொன்னாதான் உக்காரணும்."

"சொல்லவே இல்லன்னா இன்னா சார் பண்றது?" இப்படிக் கேட்டவள் தனக்கோடி. வகுப்பிலேயே கெட்டிக்காரி. அம்மா மீனாட்சி தெருத் தெருவாய் மீன் விற்பவள். வேலை கிடைக்காவிட்டால் ஜூன் மாதம் மகளுக்கும் ஒரு கூடை தயார்.

"நின்னுகினே பதில் சொல்லு."

எல்லாம் சொல்லிக்கொடுத்தார் மனுஷன். சம்பளம் பேசுவதை மட்டும் விட்டுவிட்டார். பாவம், அவரைக் கேட்டுக்கொண்டா சம்பளம் கொடுத்தார்கள்?

3

மாமல்லபுரத்தில் கடலோர ஓட்டல் ஒன்றில் வரவேற்பு மேஜை வேலை. தனக்கோடி கதவைத் தட்டினாள். (நிஜக் கதவு!) சொன்ன பிறகே உட்கார்ந்தாள். கேட்டதற்கெல்லாம் டாண் டாண் என்று பதில்.

"மாசம் நூத்தம்பது" என்றேன்.

[திருத்தம்: என்றார் மேனேஜர்.]

"இருநூறு குடுங்க சார்."

"நூத்தம்பதுதான்மா."

தனக்கோடி விருட்டென்று எழுந்தாள். ஃபைலை இடுப்பில் இடுக்கிக்கொண்டு கதவைப் பார்த்து நடந்தாள். ரொம்ப மெதுவாக.

4

முடிவு அ: மேனேஜர் அவளைக் கூப்பிடுகிறார். தலைமையாசிரியருக்குப் பிடிக்கும்.

முடிவு ஆ: வெளியே காத்திருந்த பூவராகவன் ஓடி வந்து காலில்… ஐயோ, வேண்டாம்.

முடிவு இ, நடந்தது. அந்த மேனேஜர் நான்தான். நீங்கள் அப்போதே கண்டுபிடித்திருப்பீர்கள். 'திமிர் பிடித்த பெண்' என்று நினைத்து அடுத்த ஆளை வரச் சொன்னேன். கதவருகில் அவள் ஒரு தரம் திரும்பிப் பார்த்தாள். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

ஜூன் மாதம் விளங்கியது. எங்கள் வீட்டு வாசலில் கூடையோடு தனக்கோடி. என் மனைவி அமிர்தவல்லி விலையைக் குறைத்துக் கேட்டாள். தனக்கோடி கூடையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு நடந்தாள். ஒன்று, இரண்டு, மூன்று. நாலாவது அடியில் அமிர்தவல்லி, "ஏ பொண்ணே, இரு இரு!" என்றாள். நடுவில் ஒரு விலை படிந்தது. இந்தக் கரையில் பேரம் அப்படித்தான் முடியும். கூப்பிடாமல் விட்டவர்கள் கிடையாது. அன்று ஓட்டலில் நான் கூப்பிட்டிருந்தால் அவள் நூற்றைம்பதுக்கே வரத் தயாராக இருந்தாளாம்.

மீனை எடுத்து வைத்துக்கொண்டே என்னைப் பார்த்துச் சிரித்தாள். "இன்னா சார், உங்க வூட்ல கூப்ட தெரிஞ்சவங்க அம்மா மட்டுந்தானா?"

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

5

இந்தப் பிரதியில் தனக்கோடி இன்னும் கதவைத் தாண்டவில்லை. நான் எழுந்துகொள்கிறேன், மேனேஜர் நாற்காலியில் நீங்கள் உட்காருங்கள். மூன்று அடி வைத்துவிட்டாள்.

கூப்பிடுங்களேன்.