சக்கரவர்த்தியின் ஐட்லிங்

சக்கரவர்த்தி என்ற பட்டத்தை அவருக்கு யாரும் கொடுக்கவில்லை. ஊரில் மற்றதையெல்லாம் எடுத்துக்கொண்டது போல அதையும் அவரே எடுத்துக்கொண்டார்.

மாமூல் வசூலில் அவருக்கென்று ஒரு பாணி இருந்தது. கடை வாசலில் காரை நிறுத்துவார். இறங்க மாட்டார், பேச மாட்டார். எஞ்சின் மட்டும் ஐட்லிங்கில், நின்ற இடத்திலேயே உறுமிக்கொண்டிருக்கும். உள்ளே இருப்பவன் கல்லாவை விட்டு எழுந்து வாசலுக்கு வந்ததும் ஒரு பொத்தானை அழுத்துவார். டேஷ்போர்டுக்கு அடியில் ஒரு இரும்புப் பெட்டி தானாக வாய் திறக்க, அரிவாள் பளிச்சென்று எட்டிப் பார்க்கும். பெட்டிக்குக் கைப்பிடி கிடையாது. கையால் இழுத்துத் திறந்தால் அதில் என்ன கம்பீரம்?

போன வாரம் டயர்க்கடை வாசலில் அந்த உறுமல் இருமலாகிவிட்டது. கார் குலுங்கியது, விக்கியது, அணைந்தது. "வண்டிக்கு இழுப்பு போல, ஆவி புடிக்கச் சொல்லுங்க" என்றான் டயர்க்கடைக்காரன். தெருவே சிரித்தது. மனைவியின் தம்பி பின்னாலிருந்து தள்ள, சக்கரவர்த்தி உள்ளே உட்கார்ந்தபடியே பவனி போனார்.

எதிர் ஷெட்டில் நின்று சிரித்தவர்களில் மெக்கானிக்கும் ஒருவன். அதனால்தான் கார் இன்று அவனிடம் வந்திருந்தது. வந்த வேகத்தில் அவனுடைய இடது கைச் சுண்டுவிரலை, இரும்பைக் கவ்விப் பிடிக்கும் அவன் வைஸிலேயே வைத்து முறுக்கினார் சக்கரவர்த்தி. சுள்ளி ஒடிவது போல ஒரு சத்தம். அவன் அலறியது அதற்கப்புறம்தான்.

"இது அட்வான்ஸு" என்றார் சக்கரவர்த்தி, ஷெட்டின் ஒரே நாற்காலியில் சாய்ந்து. "வண்டி நிக்கும்போது ஒரு உதறல் இருந்துச்சுன்னா வலது கை மொத்தமும் உள்ள போகும். என்னடா?"

"சரிங்க தலைவரே."

வலது கை போனால் மெக்கானிக்குக்கு ஷெட்டும் இல்லை, சோறும் இல்லை. விரலைக் கரித்துணியில் சுற்றிக்கொண்டு பானெட்டுக்குள் தலையை விட்டான்.

ப்ளக்குகளைக் கழற்றித் துடைத்து மாட்டினான். காற்று நுழையும் த்ராட்டிலைக் கழுவினான். எஞ்சின் சுற்றும் வேகத்தைக் காட்டும் ஆர்பிஎம் முள் அப்போதும் குடிகாரன் போல ஏறி இறங்கியது. அப்படியென்றால் எஞ்சின் எங்கோ திருட்டுக் காற்றை உறிஞ்சுகிறது. பிளையரால் ரப்பர் ஹோஸ் குழாய்களை ஒவ்வொன்றாகக் காற்று போகாதபடி இறுக்கிப் பிடித்துப் பார்த்தான். கம்பெனி போட்ட ஹோஸ் எதைப் பிடித்தாலும் குலுக்கல் மாறவில்லை. கடைசியில், பின்னால் ஒளிந்திருந்த மெல்லிய ஹோஸ் ஒன்றைப் பிடித்தான். எஞ்சின் சட்டென்று அடங்கி, தூங்கும் பூனை போல முனகியது. விட்டான், உதறியது. பிடித்தான், அடங்கியது.

"இது எங்க போகுது?" என்றான் மெதுவாக.

அன்று காரைத் தள்ளிய மச்சான் பக்கத்தில் நின்று மூக்குக்கண்ணாடியைத் துடைத்தான். "பொட்டிக்குத்தான். எஞ்சின் உறிஞ்சுற காத்துலதான் மூடி தொறக்கும். நான்தான் செஞ்சேன். உள்ள ரப்பர் கிழிஞ்சிருக்கும்."

"வேற ரப்பர்?"

"பழைய பந்தை வெட்டிப் போட்டது. கடையிலயா கெடைக்கும்?"

மெக்கானிக் ஹோஸைப் பிடுங்கினான். எஞ்சின் பக்கத்துத் துளையில் ரப்பர் மூடி போட்டு கிளாம்ப் வைத்து இறுக்கினான். எஞ்சின் மேல் ஒரு டம்ளர் தண்ணீரை வைத்தான். தண்ணீர் அசையவில்லை.

"தலைவரே, வண்டி சரியாயிடுச்சு. ஆனா அந்தப் பொட்டி இனிமே..."

அறை காதோடு விழுந்தது. "ஆனாவா? எங்கிட்டயே ஆனாவா?"

"அதில்லீங்க, அந்த மூடி..."

பூட்ஸ் வயிற்றில் இறங்கியது. மெக்கானிக் தரையில் எண்ணெய்க் கறை மேல் சுருண்டான். வாயில் ரத்தம் உப்புக் கரித்தது. "மாமா, அவன் என்ன சொல்றான்னா..." என்று தொடங்கிய மச்சானின் கண்ணாடி பறந்து சுவரில் உடைந்தது.

"எனக்கு வெளக்கம் சொல்ற ஆளு இன்னும் பொறக்கல."

மச்சான் உடைந்த கண்ணாடியைப் பொறுக்கினான். மெக்கானிக்கைப் பார்த்தான். மெக்கானிக்கும் அவனைப் பார்த்தான். பிறகு மச்சான், தூங்கும் குழந்தைக்குப் போர்த்துவது போல, பானெட்டை மூடினான்.

கார் தெருவைத் தாண்டி டயர்க்கடை வாசலில் நின்றது. எஞ்சின் உறுமியது. ஒரு விக்கல் இல்லை. டயர்க்கடைக்காரன் முகம் வெளுக்க, கையில் டயர் நெம்பும் கம்பியோடு வெளியே வந்தான். சக்கரவர்த்தி மெல்லச் சிரித்துப் பொத்தானை அழுத்தினார்.

மறுபடி அழுத்தினார். பெட்டியைக் குத்தினார். நகத்தால் பிறாண்டினார்.

மச்சான் தன் பக்கக் கதவைத் திறந்து இறங்கி, எதையோ மறந்துவிட்டவன் போலத் தெருக்கோடியை நோக்கி நடந்தான்.

டயர்க்கடைக்காரனின் முதல் அடியில் ஜன்னல் கண்ணாடி நொறுங்கியது. இரண்டாவது தாடையில். சட்டையைப் பிடித்து ஜன்னல் வழியாகவே இழுத்துப் போட்டான்; கடை ஆட்களும் சேர்ந்துகொண்டார்கள். முழங்கால் உடைந்த சத்தம் ஷெட் வரை கேட்டது. "அம்மா!" என்று அலறினார் சக்கரவர்த்தி, சாதாரணக் குடிமகனைப் போலவே. அத்தனை கூச்சலுக்கும் அடியில் எஞ்சின் ஒரே சீராக ஓடிக்கொண்டிருந்ததை மெக்கானிக்கின் காது, அவன் வேண்டாமென்றாலும், கவனித்தது. நல்ல வேலை.

சற்று நேரத்தில் கார் திரும்பி ஷெட்டுக்குள் வந்தது. டயர்க்கடைக்காரன் ஓட்டி வந்தான். சட்டை முழுக்க ரத்தம், அவனுடையது இல்லை. சாய்ந்து உட்கார்ந்திருந்த விதம் எங்கோ பார்த்தது போலிருந்தது.

"சூப்பரா நிக்குது வண்டி" என்றான். "உள்ள ஒரு பொட்டி இருக்காமே, தானா தொறக்குமாமே. அதையும் சரி பண்ணிக் குடு. வண்டி இதே மாதிரி நிக்கணும். என்ன?"

மெக்கானிக் பதில் சொல்வதற்கு முன், இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டான்.