நான்காம் மாடிக்கும் ஐந்தாம் மாடிக்கும் நடுவே

லிஃப்ட் மெக்கானிக்குகள் லிஃப்டில் ஏறமாட்டார்கள் என்று ஒரு பேச்சு உண்டு. நம் ஆள் விஷயத்தில் அது சுத்தப் பொய். பழுது பார்த்த ஒவ்வொரு லிஃப்டிலும் முதல் ஆளாக அவன்தான் ஏறுவான். அன்றைக்கு ஏறாததற்குக் காரணம், இடமில்லை. அம்மா கொண்டுவந்த தகரப் பெட்டி அவ்வளவு பெரிது.

"நீங்க ரெண்டு பேரும் பெட்டியோட ஏறுங்க. நான் படியில ஓடி வந்துடறேன்."

கதவு மூடியது. முதல் படியில் கால் வைத்தபோதுதான் அவனுக்கு உறைத்தது. பஸ் நிலையத்திலிருந்து இங்கே வரும்வரை அம்மாவையும் மனைவியையும் தனியாகப் பேச விடாமல், நடுவில் உட்கார்ந்து, வாய் வலிக்க வலிக்கப் பேசிக்கொண்டு வந்திருந்தான். இப்போது தன் கையாலேயே இருவரையும் ஒரே கூண்டில் போட்டுப் பூட்டி அனுப்பிவிட்டான்.

கம்பெனியில் அவனுக்கு 'சரிசரி' என்று பெயர். யார் எதைக் கேட்டாலும் அவன் வாயிலிருந்து வருவது அதுதான். மனைவி டவுன் ஆஸ்பத்திரியில் நர்ஸ். ஓடி ஓடிக் கால் தேய்ந்தவள். அவன் பிறந்த கிராமத்துச் சின்ன ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை காலி என்று தெரிந்ததும், "போயிடலாமாங்க? அத்தை வீடு இருக்கே, அங்கயே இருந்துக்கலாம்" என்றாள். "சரி சரி" என்றான். அதே வாரம் அம்மா ஃபோன் செய்தாள். முழங்கால் வலி தாங்கவில்லை, ஆத்திர அவசரத்துக்கு அந்த ஊரில் ஒரு வண்டி கிடையாது, "வீட்டை வித்துட்டு டவுனுக்கே வந்துடறேண்டா" என்றாள். அதற்கும் "சரி சரி."

ஆக, ஒருத்தி குடிபோகும் வீட்டை இன்னொருத்தி விற்கப் போகிறாள். மனைவி இன்று ஐந்து மணிக்குள் கிராமத்து டாக்டருக்குப் பதில் சொல்லியாக வேண்டும். தவறினால் வேலை வேறு ஆளுக்கு. வீடு வாங்குபவர் நாளைக் காலையில் இங்கேயே பேச வருகிறார். இரண்டு பேரும் கூடிப் பேசினால் அவன் தொலைந்தான்.

மூன்றாவது மாடியை எட்டும்போது மேலே 'டக்' என்று ஒரு சத்தம். அப்புறம் ஒன்றுமில்லை. அந்த 'ஒன்றுமில்லை' என்றால் என்னவென்று அவனுக்குத் தெரியும். இரண்டிரண்டு படியாகத் தாவி, ஐந்தாம் மாடிக் கதவில் வாயை வைத்தான்.

"பயப்படாதீங்க. நான்தான்."

"நாங்க எதுக்குப் பயப்படணும்? நீதான் பயந்த மாதிரி பேசற" என்றாள் அம்மா, கீழேயிருந்து. "என் பெட்டி கதவுல லேசா சாஞ்சுது. அதுக்கே நின்னுடுச்சு. என்னடா லிஃப்டு வச்சிருக்க?"

வினை அதுதான். அம்மா ஏறப்போகிற லிஃப்ட் என்று நேற்று முழுக்க அந்தக் கதவோடு மல்லுக்கட்டியிருந்தான். கதவு ஒரு இம்மி அசைந்தாலும் லிஃப்ட் நிற்கும்படி பூட்டை அளவுக்கு மீறி முடுக்கிவிட்டிருந்தான். வேறு எவனாவது அரைகுறையாக வேலை பார்த்திருந்தால் அம்மா இந்நேரம் மேலே காலை நீட்டி உட்கார்ந்திருப்பாள்.

"ஏங்க, சீக்கிரம் பண்ணுங்க" என்றாள் மனைவி. "உள்ள சிக்னல் இல்ல. எனக்கு ஒரு ஃபோன் பேசணும்."

"யாருக்கும்மா?" என்றாள் அம்மா.

"ரெண்டு பேரும் பேசாதீங்க" என்று அவன் குறுக்கே விழுந்தான். "காத்து குறைஞ்சிடும்."

"தலைக்கு மேல ஃபேன் ஓடுதேடா."

இதற்கு மேல் அங்கே நின்று புண்ணியமில்லை. லிஃப்டைக் கையால் நகர்த்த மொட்டைமாடி மெஷின் ரூமுக்குத்தான் போக வேண்டும். போனால் இவர்கள் பேசிவிடுவார்கள். போகாவிட்டால் உள்ளேயே கிடப்பார்கள். போனான்.

மெஷின் ரூமில் எண்ணெய் வாடையும் அடுப்படிச் சூடும். மெயின் ஸ்விட்சை அணைத்தான். ஒரு கை சக்கரத்தில், ஒரு கை பிரேக் கம்பியில். கம்பியை இழுத்துச் சக்கரத்தைச் சுற்றினால் முடிந்தது வேலை. கை வாட்ச்சைப் பார்த்தான். ஐந்து அடிக்கக் கால் மணி நேரம் இருந்தது.

இழுக்கவில்லை.

கால் மணி நேரம் சும்மா இருந்தால் போதும். கிராமத்து வேலை தானாகக் கைநழுவும். அம்மா டவுனுக்கு வந்துவிடுவாள். மனைவி நாலு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு இருப்பாள், லிஃப்டைத் திட்டுவாள். லிஃப்டுக்குத் திட்டு வாங்கிப் பழக்கம்தான். சுவரில் ஒரு ஸ்பீக்கர் பெட்டி. லிஃப்டுக்குள் பேசுவதெல்லாம் அதில் கேட்கும். இவன் பொத்தானை அழுத்தினால்தான் இவன் குரல் அவர்களுக்குக் கேட்கும்.

"போனவன் ஆளையே காணோமே" என்றது பெட்டி, அம்மாவின் குரலில்.

"வந்துடுவார் அத்தை. போன மழையில இப்படித்தான் ஒருத்தங்க மாட்டிக்கிட்டாங்கன்னு ஃபோன் வந்துச்சு. சாப்பிட்ட கையைக்கூடக் கழுவாம ஓடினார். யாரையும் தொங்கவிடமாட்டார்."

தொங்கவிட்டுக்கொண்டிருந்தவனுக்குக் காது சுட்டது. கை மட்டும் அசையவில்லை.

"அது கெடக்கட்டும். யாருக்கு ஃபோன் பண்ணணும்னியே?"

"உங்க ஊரு டாக்டருக்குத்தான் அத்தை. அங்க வேலைக்கு வர்றேன்னு சொல்லணும். உங்க வீட்டுலதான இருக்கப்போறோம்? அவர் சொல்லலையா?"

"எந்த வீட்டுல? அதைத்தான் நான் விக்கப்போறேனே. உன் புருஷன் சரின்னானே."

"எங்கிட்டயும் சரின்னார்."



"எப்படிச் சொன்னான்? ஒரு சரியா, ரெண்டு சரியா?"

"ரெண்டு."

"எனக்கும் ரெண்டுதான்."

சிரிப்பார்கள் என்று காத்திருந்தான். யாரும் சிரிக்கவில்லை.

"அப்ப அவர் இப்ப வரமாட்டார் அத்தை" என்றாள் மனைவி. குரல் சின்னதாகிவிட்டிருந்தது. "அஞ்சு அடிக்கட்டும்னு மேல நிக்கிறார்."

பத்து வருஷத்தில் அவள் அவனைத் திட்டியதெல்லாம் சேர்த்தாலும் இதில் கால்வாசி வராது. பொத்தானை அழுத்தினான்.

"ஆமா, நின்னுட்டுத்தான் இருக்கேன்" என்றான். "எனக்கு அங்க வரப் பயமா இருக்கு. அந்த ஊர்லயே உயரமா இருக்கறது தண்ணித் தொட்டி ஒண்ணுதான். அதுக்கும் ஏணி வச்சிருக்கான். நீ ஊசி போடுவ. நான் என்ன பண்ணுவேன்? நர்ஸம்மா வீட்டுக்காரர்னு தின்னுட்டுத் திரிவேன்."

"இதை ஏன் எங்கிட்ட சொல்லல?"

"நீ கேட்டப்ப உன் முகம் அவ்வளவு சந்தோஷமா இருந்துது."

"எங்கிட்ட ஏண்டா சொல்லல?" என்றாள் அம்மா.

"நீ பேசினதுலயே கால் வலி தெரிஞ்சுதும்மா."

"நல்லா தெரிஞ்சுது. மொதல்ல எங்களை வெளிய எடு. மிச்சத்தை அப்புறம் அழுவு."

பிரேக் கம்பியை இழுத்தான். உள்ளே ஆள் குறைவு என்றால், மறுபக்கம் தொங்கும் எடைக்கல் இழுத்து, லிஃப்ட் மேலே வரத்தான் துடிக்கும்; சக்கரம் அவன் சுற்றுவதற்கு முன்பே சுற்றப் பார்த்தது. பிடித்துப் பிடித்து விட்டு, ஐந்தாம் மாடிக்குக் கொண்டுவந்து நிறுத்தி, ஓடிப்போய்ச் சாவி போட்டுக் கதவைத் திறந்தான். அம்மா பெட்டி மேலேயே உட்கார்ந்திருந்தாள். மனைவி அவனைத் தாண்டிப்போய் வராந்தா ஜன்னல் ஓரம் நின்றாள். நெற்றி வேர்வையில் முடி ஒட்டியிருந்தது. கையில் ஃபோன்.

"நேரம் இருக்கு. சொல்லுங்க. போகட்டுமா வேணாமா? ஒரு தடவை சொன்னாப் போதும்."

பழகிய சொல் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. விழுங்கினான்.

"போ. நானும் வரேன்னு இப்ப சொல்லமாட்டேன். சொன்னாலும் நம்பாத."

அவள் ஜன்னல் பக்கம் திரும்பினாள். பிறகு எண்ணை அழுத்தினாள். "டாக்டர், நான் வர்றேன். தங்கறதுக்கா? அதான்..." என்று அம்மா பக்கம் திரும்பினாள்.

அம்மா முழங்காலைத் தேய்த்துக்கொண்டே, "விக்கல. இருக்குன்னு சொல்லு" என்றாள். பிறகு மகனிடம், "அவ என் வீட்டுல. நான் அவ வீட்டுல. ரெண்டு பேருக்கும் குடுத்த வாக்கைக் காப்பாத்திட்ட. நல்ல புள்ளடா நீ" என்றாள். அது பாராட்டு இல்லை என்று அவனுக்கே புரிந்தது.

"இப்போதைக்கு நான் மட்டும்தான் டாக்டர்" என்று மனைவி சொல்லிக்கொண்டிருந்தாள். "வீட்டுக்காரரா? அவர் இன்னும் ஒண்ணும் சொல்லல."

வீடு ஆறாவது மாடியில். இன்னும் ஒரு மாடி ஏற வேண்டும். அம்மா லிஃப்டைப் பார்த்தாள், படியைப் பார்த்தாள், படியைப் பிடித்தாள்.

"கால் வலிக்குமேம்மா."

"அது வலிக்கும்னு தெரியும். இது என்ன பண்ணும்னு உனக்கே தெரியல."

அவன் பெட்டியின் ஒரு காதைப் பிடித்தான். மனைவி ஃபோனை இடுப்பில் செருகிக்கொண்டு வந்து, அவன் முகத்தைப் பார்க்காமல், இன்னொரு காதைப் பிடித்தாள்.

"உங்க பக்கம் கொஞ்சம் தூக்கிப் பிடிங்க" என்றாள்.

அவன் வாயைத் திறக்கவில்லை. தூக்கினான்.