அஞ்சலாட்சி பார்க்க வேண்டிய படம்

எழுபத்தாறாம் வருஷம் சித்திரையில் முத்தியால்பேட்டை கோவிந்தராசு கொட்டகைக்கு வந்த ஒரு படப்பெட்டி, எண்பத்தைந்து பிறந்தும் வந்த இடத்தை விட்டு நகரவில்லை. தூக்கிப் பார்க்காத ஆள் இல்லை. அரிசி மண்டியில் மூட்டை அடிக்கிறவர்கள் வந்தார்கள். வைத்திக்குப்பத்திலிருந்து படகு தள்ளுகிறவர்கள் கூட்டமாக வந்து தோள் கொடுத்துப் பார்த்துவிட்டு, படகே தேவலை என்று போய்விட்டார்கள். உள்ளே இருந்தது எல்லாப் படத்துக்கும் வருகிற மாதிரி பிலிம் சுருள்தான். ஆபரேட்டர் கலியமூர்த்தி ஒவ்வொன்றாக எடுத்து மெஷினில் மாட்டும்போது ஒரு கனமும் தெரியாது. அப்படியானால் சுருள்களைத் தனித்தனியாகக் கொண்டுபோயிருக்கலாமே என்று கேட்பீர்கள். அதையும் செய்தார்கள். கொட்டகை வாசற்படி வரைக்கும் சமர்த்தாக வரும், படியைத் தாண்டினால் தோள்பட்டை கழன்றுவிடும். காரணம் ஊருக்கே தெரியும். அஞ்சலாட்சி இன்னும் அந்தப் படத்தைப் பார்க்கவில்லை.

எல்லாவற்றுக்கும் மூலம் தனக்கொடியின் வாய். தனக்கொடி பஞ்சாலையில் நூல் சுற்றுகிற பிரிவில் வேலை பார்த்தாள். வெள்ளிக்கிழமை படம் மாறினால் அன்றைக்கே பார்த்துவிடுகிற ரகம். ஆனால் மற்றவர்களைப் போல மறுநாள் ஊரைக் கூட்டிக் கதை சொல்ல மாட்டாள். "படம் நல்லா இருக்கா?" என்று கேட்டால் "யாருக்கு?" என்று திருப்பிக் கேட்பாள். இது திமிர் என்றுதான் ரொம்ப நாள் எல்லாரும் நினைத்தார்கள். பிறகு அவளாகவே யாரையாவது தேடிக்கொண்டு போய், "இது ஒனக்கான படம். பாத்துடு" என்பாள். அவள் அப்படிச் சொல்லிவிட்டால், அந்த ஆள் வந்து பார்க்கிற வரைக்கும் படம் ஊரை விட்டுப் போகாது. முதன்முதலில் இது பிடிபட்டது கிருஷ்ணசாமி வாத்தியார் விஷயத்தில். பெண்டாட்டியோடு ஒரு வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லாமல் இருந்த மனுஷன். அவரிடம் போய் ஒரு படத்தைச் சொன்னாள். "சினிமாவா, நானா" என்று வாத்தியார் மூன்று வாரம் பிகு பண்ணினார். மூன்று வாரமும் பெட்டி பஸ் ஏறவில்லை. கடைசியில் முதலாளி கோவிந்தராசு ரிக்‌ஷா அனுப்பி, சோடா வாங்கிக் கொடுத்து, மின்விசிறிக்குக் கீழே உட்கார வைத்தார். வாத்தியார் மூக்கைச் சிந்திக்கொண்டே வெளியே வந்து இரண்டு முழம் பூ வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனார். கலியமூர்த்தி பெட்டியை ஒற்றைக் கையால் தூக்கி பஸ் மேலே போட்டான். அடுத்து காலாப்பட்டில் மீன் விற்கிற சின்னப்பொண்ணு. அவளைக் கூட்டிவர கோவிந்தராசே பஸ் ஏறிப் போனார். கூடையைக் கீழே வைக்க மாட்டேன் என்று கூடையோடுதான் வந்து உட்கார்ந்தாள். கொட்டகை ஒரு வாரம் கவுச்சி அடித்தது. "அம்மா தாயே, பக்கத்துல இருக்கறவங்களுக்கு மட்டும் சொல்லும்மா" என்று கோவிந்தராசு தனக்கொடியிடம் கையெடுத்துக் கும்பிட்டார். சரி என்றாள். பக்கத்துத் தெருவில் இருந்தவளுக்குத்தான் அடுத்துச் சொன்னாள். அந்தப் பக்கத்துத் தெருக்காரி ஒரு வாரத்தில் பிரான்சுக்குப் போகப்போகிறவள் என்பதுதான் வினை.

அஞ்சலாட்சிக்கு அதற்கு முன்னால் தனக்கொடி படம் சொன்னதே இல்லை. சொல்ல வேண்டிய தேவையே வரவில்லை. பாவாடை கட்டிய காலத்திலிருந்து இரண்டு பேரும் சேர்ந்துதான் கொட்டகைக்குப் போவார்கள். பெண்கள் பக்கத்தில் தூணை ஒட்டின பெஞ்சு, ஒரு பொட்டலம் வேர்க்கடலை. ஒருத்திக்கு அம்மை போட்டிருந்தால் இன்னொருத்தியும் அந்தப் படத்துக்குப் போக மாட்டாள். அஞ்சலாட்சிக்கு ஒரு பழக்கம். அழுகைக் கட்டம் வந்தால் முந்தானையை முகத்தில் போட்டு மூடிக்கொள்வாள். மூடிக்கொண்டு, "முடிஞ்சிடுச்சாடி?" என்று கேட்டுக்கொண்டே இருப்பாள். "இல்லடி, பாரு, நல்ல கட்டம்!" என்று தனக்கொடி முந்தானையைப் பிடித்து இழுப்பாள். பின் பெஞ்சுக்காரர்கள் இரண்டு பேரையும் சேர்த்துத் திட்டுவார்கள்.

அந்த அஞ்சலாட்சிக்குத்தான் அரிகிருஷ்ணனோடு கல்யாணம் ஆனது. பிரெஞ்சுக்காரன் ஆண்ட ஊர் இல்லையா, பிரெஞ்சு நேஷனாலிட்டி வாங்கின குடும்பம், மாப்பிள்ளை பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தா, அதாவது சிப்பாய். கல்யாணம் முடிந்ததும் அவன் முன்னால் போய்விட்டான், இவளுக்குக் காகிதங்கள் வரத் தாமதமானது. வந்தபோது ஒரேயடியாக வந்தது. மாமியாரோடு அலுவலகம் அலுவலகமாக உட்கார்ந்து கிடந்த அந்த வெள்ளிக்கிழமைதான் அந்தப் படம் வந்தது. தனக்கொடி வாசலில் ரொம்ப நேரம் காத்திருந்தாள். இவள் இல்லாமல்தானே இனிமேல் காலம் தள்ளப்போகிறோம், பழகிக்கொள்வோம் என்று ஒரு வீம்பு வந்தது. தனியாகப் போய் உட்கார்ந்துவிட்டாள். பெரிய நட்சத்திரம் ஒன்றும் இல்லாத படம். ஊருக்கு வெளியே இருக்கிற ஒரு ரயில்வே கேட்டுக்காரனுக்கு வாக்கப்பட்டுப் போன பெண்ணின் கதை. எல்லா வண்டியும் அவள் வீட்டைத் தாண்டித்தான் போகும், ஒன்றும் நிற்காது. தனக்கொடி கண் வீங்கி வெளியே வந்தாள், நேரே அஞ்சலாட்சி வீட்டுக்கு ஓடினாள்.

"அஞ்சல, இது ஒனக்குன்னே எடுத்த படம்டி. போறதுக்குள்ள பாத்துடு."

அஞ்சலாட்சி பெட்டியில் புடவை அடுக்கிக்கொண்டிருந்தாள். கையை நிறுத்திவிட்டு நிமிர்ந்தாள்.

"என்னை வுட்டுட்டு நீ மட்டும் பாத்துட்டியா?"

"அப்ப நான் பாக்க மாட்டேன் போ" என்று சொல்லிவிட்டு அஞ்சலாட்சி மறுபடி புடவையை மடிக்க ஆரம்பித்தாள். அந்த வாரமே மெட்ராசுக்குப் போய் விமானம் ஏறிவிட்டாள். அடுத்த வெள்ளிக்கிழமை காலையில் கலியமூர்த்தி பெட்டியின் கைப்பிடியைப் பிடித்துத் தூக்கினான். கைப்பிடி மட்டும் கையோடு வந்தது.

மெட்ராசிலிருந்து படக் கம்பெனி ஆள் லாரியும் சங்கிலியுமாக வந்தார். சங்கிலி அறுந்தது. பெட்டி மேலேயே உட்கார்ந்து ஒரு கலர் சோடா குடித்துவிட்டு, "நீங்களே வெச்சுக்குங்கய்யா" என்று போய்விட்டார். புதுப்படம் எதை மாட்டினாலும் மெஷின் ஓடாததால் கோவிந்தராசு மூன்று மாதம் அந்த ஒரே படத்தை நாலு காட்சியும் ஓட்டினார். ஊரில் எல்லாரும் பார்த்து முடித்து, பார்த்தவர்களும் திரும்பப் பார்த்து முடித்து, கடைசியில் பெஞ்சுகள்தான் பார்த்துக்கொண்டிருந்தன. அப்புறம் அவர் தனக்கொடியிடம் வந்தார். சத்தம் போடவில்லை. "சொன்ன வார்த்தைய நீயே திருப்பி எடுத்துக்கம்மா. என்னால முடியல" என்றார். அவளுக்கும் பாவமாக இருந்தது. பெட்டி முன்னால் போய் நின்று, "அஞ்சலாட்சி பாக்க வேணாம். நீ போ" என்றாள். பெட்டி தரையில் ஒரு விரல்கடை ஆழம் இறங்கியது. சிமென்ட் விரிசல் விட்டது. தனக்கொடி தலையில் கைவைத்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்து அழுதாள். கோவிந்தராசுவுக்கு என்ன தோன்றியதோ, "வுடும்மா, இருந்துட்டுப் போவுது. காலைக் காட்சிக்கு இத ஓட்டிக்கறேன். மத்த மூணும் புதுசு போட்டுக்கறேன்" என்றார். காலையில் ஒரு தடவை ஓட்டிவிட்டால் பெட்டியும் வேறு தொந்தரவு கொடுக்கவில்லை.

இப்படித்தான் எங்கள் ஊருக்கு அஞ்சலாட்சி படம் என்று ஒன்று நிலைத்தது. போஸ்டரில் இருந்த பேர் யாருக்கும் ஞாபகம் இல்லை. விடியற்காலை கரை திரும்பின வைத்திக்குப்பத்துக்காரர்கள் மீனை விற்றுவிட்டு அந்தக் காட்சிக்கு வந்து தரை டிக்கெட்டில் படுத்துத் தூங்கினார்கள். ஆலையில் வேலைநிறுத்தம் நடந்த வருஷம் பாதி முத்தியால்பேட்டை காலைப்பொழுதை அங்கேதான் கழித்தது. கதாநாயகி ரயிலுக்குப் பச்சைக்கொடி காட்டுகிற கட்டத்தை வைத்து வீட்டில் மணி பார்த்துக்கொண்டவர்கள் உண்டு, சத்தம் தெருவரைக்கும் கேட்கும். தனக்கொடிக்குக் கல்யாணம் ஆனது, இரண்டு பிள்ளைகள் பிறந்தன, முன்நெற்றியில் நரை எட்டிப் பார்த்தது. அவள் அதற்குப் பிறகு யாருக்கும் படம் சொல்லவில்லை. தானும் யார் பக்கத்திலும் உட்கார்ந்து படம் பார்க்கவில்லை. அஞ்சலாட்சி வந்து பார்க்க வேண்டும், பார்த்துவிட்டுத் தன்னைத் திட்டினாலும் சரி என்று மட்டும் இருந்தாள்.

எண்பதில் அஞ்சலாட்சி வக்கான்ஸுக்கு, அதாவது லீவுக்கு, ஊருக்கு வந்தாள். ஊரே எதிர்பார்த்தது. கோவிந்தராசு தூணை ஒட்டின பெஞ்சுக்குப் புது வார்னிஷ் அடித்தார். தினமும் காலையில் ரிக்‌ஷா போய் அவள் வீட்டு வாசலில் நின்றது, தினமும் காலியாகத் திரும்பியது. கொட்டகைக்கும் வரவில்லை, தனக்கொடி வீட்டுக்கும் வரவில்லை. காலைக் காட்சி நேரத்தில் கொட்டகைக்கு எதிர்ச்சாரியில் குடையைப் பிடித்துக்கொண்டு நின்று, உள்ளேயிருந்து வருகிற சத்தத்தைக் கேட்டுவிட்டுப் போகிறாள் என்று மட்டும் சொன்னார்கள். பிரான்சு போனதும் தலைக்கனம் ஏறிவிட்டது என்று ஊர் தீர்ப்புச் சொன்னது. தனக்கொடி அன்றைக்குச் சோறு தின்னவில்லை.

எண்பத்தைந்தில் மறுபடி வந்தாள். இந்தத் தடவை தனக்கொடி காத்திருக்கவில்லை. வெட்கத்தை விட்டு அஞ்சலாட்சி வீட்டுக்குப் போய் நின்றாள். அஞ்சலாட்சிக்கு உட்காரச் சொல்லக்கூடத் தோன்றவில்லை.

"அம்மாம் கோவமாடி?" என்றாள் தனக்கொடி.

"கோவம் பிளேன் ஏறும்போதே போயிடுச்சு." என்றாள் அஞ்சலாட்சி. "அங்க பட்டாளத்து வீடு. சன்னலத் தொறந்தா ஒரே குளிரு. புள்ளைங்க பிரெஞ்சுல சிரிக்குதுங்க, எனக்குப் பாதி புரியல. ஊர்ல எங்கம்மாவும் போயிட்டாங்க. எனக்காவன்னு இந்த ஊர்ல காத்துக்கிட்டு இருக்கறது அந்தப் படம் ஒண்ணுதான். பாத்துட்டன்னு வெச்சுக்க, அதுவும் பஸ் ஏறிப் போயிடும். அப்பறம் நான் எதுக்குடி வரணும்?"

தனக்கொடிக்கு அப்போதுதான் உறைத்தது. ஒன்பது வருஷமாக எது நடக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டாளோ, அது நடந்தால் எல்லாம் முடிந்துபோகும். வேண்டாம் என்று சொல்லிவிடலாமா என்று நினைத்தாள். ஆனால் ஆசை யாரை விட்டது.

"படம் பாக்க வேணாம். எம்பக்கத்துல வந்து குந்து, போதும்" என்றாள்.

போனார்கள். தூணை ஒட்டின பெஞ்சு, ஒரு பொட்டலம் வேர்க்கடலை. செய்தி பரவி, நூறு தடவை பார்த்தவர்கள் எல்லாரும் டிக்கெட் வாங்கிக்கொண்டு வந்துவிட்டார்கள். ஒருத்தரும் திரையைப் பார்க்கவில்லை, அஞ்சலாட்சியைத்தான் பார்த்தார்கள். கோவிந்தராசு கதவோரம் நின்று துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார். அஞ்சலாட்சி சிரிக்கிற இடத்தில் சிரித்தாள். பச்சைக்கொடி கட்டத்தில் தனக்கொடியின் கையைப் பிடித்துக்கொண்டாள், அப்புறம் விடவில்லை. கடைசிக் கட்டம் வந்தபோது கூட்டமும் வழக்கம்போல அழ ஆரம்பித்து அவளை மறந்துவிட்டது. அப்போது அவள் முந்தானையை எடுத்து முகத்தில் போட்டு மூடிக்கொண்டாள். பழக்கத்தில் மூடினாளா, வேண்டுமென்றே மூடினாளா, அது அவளுக்குத்தான் தெரியும்.

"முடிஞ்சிடுச்சாடி?" என்று முந்தானைக்குள்ளிருந்து கேட்டாள்.

தனக்கொடியின் கை முந்தானை நுனி வரைக்கும் போனது. இழுக்கவில்லை. திரையில் ரயில் வந்தது, அந்தப் பெண் என்ன செய்தாளோ செய்தாள், கூட்டம் விம்மியது, வணக்கம் போட்டார்கள், விளக்கு எரிந்தது.

"முடிஞ்சிடுச்சு" என்றாள் தனக்கொடி. "கண்ணத் தொற."

"மிச்சம்?"

"அடுத்த வாட்டி."

இரண்டு பேரும் கையைக் கோத்துக்கொண்டு வெளியே வந்தார்கள். வேர்க்கடலைத் தோலைத் தட்டிவிட்டுக்கொண்டு, வெயில் என்னமா அடிக்கிறது என்று பேசிக்கொண்டே போனார்கள். அஞ்சலாட்சி பார்த்துவிட்டாள் என்று ஊர் பூராவும் பேச்சு. வெள்ளிக்கிழமை காலையில் கலியமூர்த்தி ஒற்றைக் கையை நீட்டிப் பெட்டியைத் தூக்கினான். பெட்டி அசையவில்லை. எல்லாரும் தனக்கொடியைப் பார்த்தார்கள். அவள் கொட்டகைக் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கோவிந்தராசு பெயிண்டர் அம்மாவாசையைக் கூப்பிட்டு, காலைக் காட்சிப் பலகையை இனிமேல் சாக்பீஸில் எழுத வேண்டாம், அழியாத பெயிண்டிலேயே எழுதிவிடு என்றார்.