தாடை விதி

லோர்னா எழுதிய விதி ஒரே வரிதான். தாடை உடைந்தவன் ஆட்டம் முடியும்வரை பேசக் கூடாது. கதையில் வரும் ஆள் மட்டுமல்ல, அவனை ஆடுகிறவனும் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார வேண்டும்.

மேசையைச் சுற்றி உட்கார்ந்து, பகடை உருட்டி, ஆளுக்கொரு பாத்திரமாகக் கதை ஆடும் அந்த ஆட்டத்தை அவளோடு சேர்ந்து எழுதிய வெஸ், இதை அச்சுக்கு அனுப்ப விடமாட்டேன் என்று ஒற்றைக்காலில் நின்றான். "ஒரு ராத்திரி தூங்கி எழுந்தா காயமெல்லாம் ஆறிடணும் லோர்னா. ஜனங்க ஜாலியா வெட்டிக்கத்தானே வராங்க?"

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. முன்னாள் புருஷன் அவள் தாடையை உடைத்த மறுநாள் காலையிலேயே, "அதான் விடிஞ்சிடுச்சே, முட்டையப் பொரி" என்றான் அந்தப் படுபாவி. தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தானே தெரியும். அந்த விதி புத்தகத்தில் நின்றே ஆக வேண்டும் அவளுக்கு.

ஞாயிறு மதியம், மில்வாக்கி நகரில் நண்பன் மெர்ல் வீட்டு நிலவறையில் பரிசோதனை ஆட்டம். ஆடுகிறவர்கள் ஒப்புக்கொண்டால் விதி நிற்கும், இல்லையென்றால் குப்பைக்கு. எழுதியவர்கள் பார்க்கலாம், ஒரு வார்த்தை பேசக் கூடாது. எழுதியவனே விளக்கம் சொல்லத் தொடங்கினால் புத்தகத்தின் ஓட்டை எப்படித் தெரியும்? வெஸ்ஸும் லோர்னாவும் மேசையின் இரு முனைகளில் எதிரெதிரே உட்கார்ந்தார்கள்.

கறி வெட்டும் கூடத்தில் வேலை பார்க்கும் டுவெய்ன் கூலிப்படை வீரனாக ஆடினான். கதைக்குள் இரண்டு காவலர்களின் கழுத்தை அறுத்தான், மூன்றாமவன் கண்ணில் கட்டைவிரலை விட்டான். கதை நடத்திய மெர்ல் பகடையை உருட்டிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினான்.

"முள்ளுத்தடி உன் மூஞ்சியில இறங்குது டுவெய்ன். பல்லு நாலு தெறிச்சு வாசல்ல விழுது. தாடை போச்சு. இனிமே நீ ஊமை."

டுவெய்ன் முகம் ரத்தமாகச் சிவந்தது. வாய் திறக்கவில்லை. வெஸ் சும்மா இருக்கிற ஆளா? பேசக் கூடாது, சரி. தாடையைத் தொங்கவிட்டு, எச்சில் ஒழுக, ஊமை மாதிரி 'பே பே' என்று காட்டிக் குலுங்கிச் சிரித்தான். மற்றவர்களும் சிரித்தார்கள்.

டுவெய்ன் பீர் எடுப்பவனைப் போல எழுந்து வெஸ்ஸின் முதுகுப்பக்கம் போனான். அலமாரியிலிருந்த கனத்த கண்ணாடிச் சாம்பல் கிண்ணத்தைக் கையில் எடுத்தான். லோர்னாவுக்கு மட்டும்தான் அது தெரிந்தது. ஒரு சொல் போதும். எழுதியவர்கள் பேசக் கூடாதே என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். உள்ளுக்குள் ஏதோ இனித்தது.

கிண்ணம் பக்கவாட்டில் வெஸ்ஸின் தாடையில் இறங்கிய சத்தம் கட்டை பிளந்த மாதிரி இருந்தது. வெஸ் மேசைமேல் கவிழ்ந்தான். வரைபடம் முழுக்க ரத்தம். மறுபடி ஓங்கிய டுவெய்னை மெர்ல் கட்டிப்பிடித்துத் தரையில் சாய்த்தான்.

பத்து நாள் கழித்து லோர்னா வெஸ் வீட்டுக்குப் போனாள். அவன் தாடையைக் கம்பி போட்டுக் கட்டியிருந்தார்கள். பல்லிடுக்கில் வார்த்தைகள் நசுங்கி வந்தன.

"விதி அச்சுக்குப் போகட்டும். என் பேரை மட்டும் எடுத்துடு."

அவளால் தாங்க முடியவில்லை. "டுவெய்ன் கிண்ணத்தை எடுத்ததை நான் பார்த்தேன் வெஸ். நாம பேசக் கூடாதுன்னுதான்..."

"தெரியும்," என்றான் வெஸ். "நான் உன் மூஞ்சியத்தான் பார்த்துட்டிருந்தேன். நீ சிரிச்சே."